அதட்டுகிற அம்முலு

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. பொறாமையில் வெந்துபோன ஒருத்தியின் கதை சொல்கிறேன். சின்னதுதான்.

"சாப்பிட்டாச்சா? முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் புத்தகத்தைத் திறங்க."

புருஷன் மறந்து வைத்துவிட்டுப் போன போனில் இதைப் படித்ததும் தையல்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அனுப்பியவள் பெயர் அம்முலு. நேற்று மட்டும் ஒன்பது தடவை அதே கேள்வி, அதே அக்கறை!

உதிரிபாகக் கடையில் அவனுக்கு வேலை போய் எட்டு மாதம். புரோகிராமிங் கற்கிறேன் என்று பழைய புத்தகக் கடைகளில் கண்டதை வாங்கிவந்து, ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தான். எதை முதலில் படிக்கணும், எதைத் தொடவே கூடாது என்று அங்கே பொறுமையாகச் சொன்னார்கள். அதெல்லாம் சரி. இந்த அம்முலு எங்கிருந்து முளைத்தாள்?

"இன்னிக்குத்தான் அம்முலு சொன்னபடி கேக்குறா" என்று நேற்று அவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது. ஊசியே குத்தாத விரல்களாக இருக்கும் அவளுக்கு, என்று தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். கையிலிருந்த சட்டைக்குக் காலர் தலைகீழாக ஏறிவிட்டது.

தன் போனை எடுத்து, 'கத்திரிக்கோல்' என்று பெயர் கொடுத்து அந்தக் குழுவுக்குள் நுழைந்தாள்.

உடனே அம்முலு வந்தாள். "புதுசா? வாங்க. சாப்பிட்டாச்சா? பெரிய புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து பயந்து ஓடாதீங்க. சின்னதுல ஆரம்பிங்க."

"என் புருஷன் சாப்பிட்டா உனக்கென்னடி?"

விரலைக்கூட எடுக்கவில்லை, பதில் வந்துவிட்டது. "முணுமுணுக்காதீங்க. தெளிவா கேளுங்க."

அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, இனி இந்த வாசல்படி மிதிப்பதில்லை என்று துணிமணியைப் பெட்டியில் திணித்தாள்.

அவன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். "வேலை கிடைச்சிருச்சு! அம்முலுவைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டாங்களாம்!"

"அப்ப அவளையே கட்டிக்கோங்க. என்னைவிட எதுல ஒசத்தி அவ? போறதுக்கு முன்னாடி அதையாவது சொல்லுங்க."

அவன் பெட்டியைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அடிப்பாவி, அது ஆளே இல்லடி! புதுசா வர்றவங்களுக்குப் புத்தகம் சொல்ல நான் எழுதின புரோகிராம். அந்த 'சாப்பிட்டாச்சா'வும் அதட்டலும் மட்டும் நீ தினமும் என்கிட்ட சொல்றது."

பொறாமை என்று ஒன்று வந்தால், உங்க வீட்டுக்கும் இப்படியே வந்து இப்படியே போகட்டும், கண்ணுங்களா.