இங்கே யாரிடம் கேட்பது?

நெவாடா பாலைவனத்து ஏரிக்கரையில் மார்லா வண்டியை நிறுத்தினாள். கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் நடமாட்டமே இல்லை.

"ஆபீஸ் எங்கக்கா? பேர் எழுத வேண்டாமா?" என்றான் தம்பி கர்ட்டிஸ்.

"ஆபீஸும் கிடையாது, கட்டணமும் கிடையாது. சும்மா தங்கிக்கலாம்டா."

"கூடாரத்த எங்க போடணும்?"

"உனக்கு எங்க புடிக்குதோ அங்க."

நாலு இடம் பார்த்தும் அவனால் முடிவு செய்ய முடியவில்லை. கடைசியில் அவளே ஓர் இடத்தைக் காட்டினாள்.

"விளக்க எப்பக்கா அணைப்பாங்க?"

"போடா, ஸ்கூல் டூர் வந்தவன் மாதிரி கேக்குற," என்று சிரித்தாள்.

"தண்ணிகிட்ட போகலாமா? எவ்வளவு தூரம்?"

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கால் வலிக்கிற வரைக்கும் போ."

அவன் நடந்தான். முப்பது அடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தான். யாரும் அதட்டவில்லை. எதிர்ப்பக்கத்து மலைவரை ஒரே நீலமாகத் தண்ணீர். நடுவில் ஒரு தடுப்பும் இல்லை. முழங்கால் நனைய இறங்கி, வாய் பிளந்து நின்றுவிட்டான்.

இருபத்தாறு வருஷச் சிறைவாசம் முடிந்து, அன்று காலை பத்து மணிக்குத்தான் அவன் வெளியே வந்திருந்தான்.

சூப் தயாரானதும் மார்லா அவனைக் கூப்பிட வாயெடுத்தாள். பிறகு கூப்பிடாமலே அடுப்பை அணைத்தாள். அவனுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது வரட்டும்.