மிட்டாய் டப்பா

முத்துச்செல்விக்கு டவுன் பஸ்ஸில் இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் கிடையாது. கோச்சிங் வகுப்பின் பாதியில்தான் அது ஞாபகம் வந்து, ஓடி வந்து பஸ் ஏறியிருந்தாள்.

வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு கடலைமிட்டாய் டப்பா. உள்ளே மிட்டாய் இல்லை, கர்ப்பத்தடை மாத்திரை. விழுங்குகிற மாத்திரை அவளுக்குத் தலைசுற்றலைக் கொடுத்ததால், மூன்று மாசம் முந்தி நர்ஸ் இதைத் தந்தாள். புருஷனோடு சேருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் உள்ளே வைத்துக்கொள்கிற ரகம். நம்ம ஊர் வெயிலுக்கு உருகிவிடும், ஃப்ரிட்ஜில் வை என்றும் சொல்லியிருந்தாள்.

மகளுக்கு ஒன்றரை வயசு. குரூப் ஃபோர் எழுதி வேலைக்குப் போகிறவரை அடுத்தது வேண்டாம் என்பது அவளுக்கும் புருஷன் கிருஷ்ணராஜுக்கும் மட்டும் தெரிந்த முடிவு.

மாமியார் வெயிலம்மாளிடம் மூச்சு விடவில்லை. எப்படி விடுவது? போன மாசம்தான் பேரன் வேணும் என்று ஊரறியக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வந்திருக்கிறாள் அந்த அம்மாள். போதாததற்கு, பிரசவ வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் ரகளைதான்.

பஸ் இறங்கி வந்து சேர்ந்தபோது, வீட்டு வாசலில் தெருப் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த சித்திரைக்குள் பேரன் வந்துவிடுவான் என்று மாமியார் அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

முத்துச்செல்வி உள்ளே ஓடி ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மாவு இருந்தது, தக்காளி இருந்தது. டப்பாவைக் காணோம். தட்டுத் தட்டாகத் துழாவினாள்.

"என்னட்டி தேடுத?" மாமியார் பின்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணுமில்ல அத்தை... மிட்டாய் டப்பா."

"கோவில்பட்டியில மிட்டாய் டப்பாவைக் கண்டா எவ திறக்காம இருப்பா? நீ வச்ச மறுநாளே திறந்துட்டேன். இன்னைக்குக் கரண்ட் போச்சுல்லா, அதான் தண்ணிப் பானைக்குக் கீழ ஈர மணல்ல டப்பாவோட வச்சிருக்கேன். உருகிருக்காது, போய்ப் பாரு."

முத்துச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. "அப்ப எதுக்கு அத்தை தொட்டில் கட்டுனீங்க?"

"வாசல்ல இருக்காளுகளே, அவளுக உன்னைத் தொணதொணங்காம இருக்கணும்லா?" வெயிலம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கட்டும்போது சாமிகிட்ட நான் கேட்டது உன் குரூப் ஃபோரைத்தான்ட்டி."