சூப்பர்வைசர் வீட்டு வேலை

"ரம்லா, காயப்போட்ட துணி அப்படியே கெடக்குது. எங்கூட்டுக்குப் போய் எடுத்து மடிச்சு வெச்சுட்டு வா."

சூப்பர்வைசர் ராமாமணி சொன்னது ஷெட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. ரம்லா சுற்றிக்கொண்டிருந்த காயிலை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பக்கத்து மேஜை அன்புக்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனி அது. ரம்லா பிரசவம் முடிந்து இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிற கைக்குழந்தைக்காரி. அவளைத்தான் காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை, ராமாமணி தன் வீட்டு வேலைக்கு விரட்டுகிறாள். நேற்று கேஸ் சிலிண்டர் வருகிறது என்றாள். முந்தாநாள் அரிசி புடைக்க.

வீடு பின்தெருவில்தான். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"பெத்த ஒடம்புங்க்கா அது. ஊட்டு வேலைக்குத் தனியா ஆள் வெச்சுக்கலாமில்லீங்க?" நேராகவே கேட்டுவிட்டாள் அன்புக்கரசி.

ராமாமணி அசரவில்லை. "கம்பெனியிலயே ஆள் இருக்கறப்ப தனியா எதுக்கு அம்மணி?"

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ராமாமணி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் தனியாகச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அடுத்த வேலைக்கு ரம்லாவை அனுப்பினாள்.

ரம்லாவைக் கேட்டால், "பரவால்லீங்க்கா" என்பாள். அதற்குமேல் பேச்சு வராது.

பொறுக்கமுடியாமல் அன்புக்கரசி மேனேஜரிடமே போனாள்.

"ஏனுங்க சார், சூப்பர்வைசர்னா கம்பெனி நேரத்துல ஊட்டு வேலை வாங்கலாமுங்களா?"

மேனேஜர் திருமலைசாமி லெட்ஜரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ராமாமணி பழைய ஆளும்மா. ஒரு சின்ன வேலை சொன்னா என்ன இப்ப? ரம்லா வந்து ஏதாச்சும் சொல்லுச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் உனக்கென்ன? போய் வேலையைப் பாரு."

மறுநாள் காலை. "ரம்லா, பாத்தரம் கெடக்குது, கழுவிப்போட்டு வந்துரு."

ரம்லா வெளியே போனதும் அன்புக்கரசியும் எழுந்தாள். தலைவலி மாத்திரை வாங்கிவருவதாக வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். பாத்திரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரம்லாவைக் கையோடு கூட்டி வந்துவிடவேண்டும். வருகிறது வரட்டும்.

ராமாமணி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

கழுவவேண்டிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை. விட்டத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. சுவரில் சாய்ந்து ரம்லா உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் குழந்தை, கண்ணை மூடிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் நாப்கின் மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ற தங்கச்சி சமீராங்க்கா. தெனமும் எனக்கு அடுத்த பஸ்ல புள்ளையத் தூக்கிட்டு இங்க வந்துருவா," என்றாள் ரம்லா மெதுவாக.

அன்புக்கரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்கு கண்ணு ஒளிவு மறைவு? பால் குடுக்க நேரம் உடோணும்னு சட்டமே இருக்குதே."

"அதைச் சொல்லித்தானுங்க்கா மேனேஜர் சாரைக் கேட்டேன். ஒருத்திக்கு உட்டா எல்லாரும் கேப்பாங்கன்னுட்டாரு. வேலைய உட்டுப்போடலாம்னு இருந்தேன்."

ரம்லா குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ராமாமணியக்காதான் தடுத்தாங்க. 'புள்ளைக்குப் பால் குடுக்கன்னா உடமாட்டாங்க, எங்கூட்டு வேலைக்குன்னா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. கெட்ட பேரு எனக்கு வரட்டும், நீ போயிட்டு வா'ன்னாங்க."