பதினோரு கிலோ ஈயம்

"சீட்டுக்கு அடியில என்னப்பா இது?"

சோதனை அதிகாரி நீட்டிய கையில், கறுப்பு டேப் சுற்றிய ஈயக்கட்டி ஒன்று இருந்தது. சோப்புக்கட்டி அளவுதான். மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் வைக்கல சார். சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஒண்ணு இல்ல, வரிசையா பதினொண்ணு ஒட்டியிருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு கிலோ."

பத்து நிமிடத்துக்கு முன்புதான் அவன் மனைவி அந்தக் காரில் கால் மைல் தூரத்தை ஏழு வினாடிக்குள் கடந்திருந்தாள். இந்தப் பந்தயத்தில் வளைவும் கிடையாது, திருப்பமும் கிடையாது. இரண்டு கார், ஒரு பச்சை விளக்கு, நேர் ரோடு. கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அந்தக் கொட்டாவி நேரத்துக்காக அவள் பதினைந்து வருடம் பாடுபட்டிருக்கிறாள். இரண்டு தடவை இன்ஜின் தீப்பிடித்தது, ஒரு தடவை கழுத்தெலும்பு முறிந்தது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டவர்களே இன்று விசிலடித்தார்கள். இந்த வகைக் காரில் எந்தப் பெண்ணும் இதுவரை தொடாத நேரம்.

ஆனால், இந்தச் சோதனைக் கொட்டகையில் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அது சாதனை.

பந்தயம் முடிந்ததும் காரையும் ஓட்டுநரையும் சேர்த்தே எடை மேடையில் ஏற்றுவார்கள். குறிப்பிட்ட எடைக்குக் கீழே போனால் எல்லாம் வீண். எடை போதாவிட்டால் ஈயம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போல்ட் போட்டு முடுக்கி, படிவத்திலும் எழுதியிருக்க வேண்டும். இந்தப் பதினொன்றும் எந்தப் படிவத்திலும் இல்லை.

"யோசிச்சுப் பாருங்க சார். பதினோரு கிலோ ஏத்தினா வண்டி மெதுவாத்தானே போகும்? எந்த மடையனாவது தன் வண்டிக்கே இப்படிச் செய்வானா?" என்றவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. பக்கத்தில் தன் காரின் சோதனைக்காக நின்ற எதிரணி மெக்கானிக்கைப் பார்த்துப் பாய்ந்தான். "டேய் மொட்டை! உன் வேலைதானேடா இது?"

"வாயை அடக்கிப் பேசு! தோத்த வயித்தெரிச்சல் எனக்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல. அதுக்காக அக்காவோட சீட்டுக்கு அடியில கை வைப்பேனா?"

"ஏங்க, அவரை விடுங்க." மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் அவள். தீப்பிடிக்காத கனத்த உடையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஹெல்மெட் மடியில் இருந்தது.

"நீ சும்மா இரு! உன்னைத் தோற்கடிக்கப் பார்த்திருக்கான், இவனுக்குப் பரிஞ்சு பேசுறியா?"

மொட்டையின் சட்டைக் காலர் அவன் கைக்கு வந்துவிட்டது. அதிகாரி மேசையைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க! இங்க பாருப்பா. சீசன் ஆரம்பத்துல வண்டியும் உன் மனைவியும் சேர்ந்து எண்ணூத்து நாற்பது கிலோ. இன்னைக்கும் அதே எண்ணூத்து நாற்பது."

"அப்புறம் என்ன சார் பிரச்சினை?"

"அதுதான் பிரச்சினையே. பதினோரு கிலோ புதுசா உள்ளே வந்திருக்கு, ஆனா மொத்தம் மாறல. அப்படின்னா வேற எங்கேயோ பதினோரு கிலோ வெளியே போயிருக்கு. எதைக் கழட்டினே? சொல்லு. சொல்லலைன்னா சாதனை ரத்து, உனக்கு ரெண்டு வருஷம் தடை."

"என் வண்டியில ஒரு நட்டு குறைஞ்சாலும் சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன் சார்!"

ரோஷத்தோடு காருக்குள் தலையை விட்டான். பேட்டரி, சக்கரம், கதவு, தீயணைப்பான் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தான். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. சீட் பெல்ட்டின் நுனி மட்டும் முன்பைவிட ஒரு சாண் கூடுதலாகத் தொங்கியது. புது பெல்ட் தளர்கிறது என்று அவன்தான் மாதாமாதம் இறுக்கிக் கொடுத்தான்.

முக்கால் மணி நேரம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

"எதுவுமே குறையல சார்." குரல் இறங்கிவிட்டது. பதினைந்து வருட உழைப்பு கண்ணெதிரே கைநழுவுவதைத் தாங்க முடியாமல், மேசையில் கிடந்த ஈயக்கட்டி ஒன்றை எடுத்து வெறித்துப் பார்த்தான்.

டேப்பின் நுனி உள்பக்கமாகச் சின்னதாக மடிக்கப்பட்டிருந்தது. பிரிக்கும்போது நகம் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று நுனியை இப்படி மடித்துவிடுகிற பழக்கம் அவனுக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு.

மெல்லத் திரும்பினான். "நீயா?"

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இவர் மேல தப்பில்ல சார், அந்தத் தம்பி மேலயும் இல்ல. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டா நான்தான் ஒட்டினேன். எடை குறைஞ்சா இவர் உடனே கண்டுபிடிச்சிடுவாரு. அப்புறம் என்னை ஓட்டவே விடமாட்டாரு."

"என்னடி சொல்றே? வண்டியில எதுவுமே குறையலையே!"

"வண்டியில குறையலைங்க."

அவள் ஜிப்பை இறக்கி, கனத்த உடையிலிருந்து கைகளை உருவினாள். உள்ளே போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றினாள். பனியனுக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்த தோளெலும்பைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த ஈயக்கட்டி நழுவித் தரையில் விழுந்தது.

"டாக்டர் இன்னும் ஒரு வருஷம்தான்னு சொன்னாரு. அதுல ஏழு மாசம் போயிடுச்சுங்க."