ஏழு வீடுகள்

ஊர்காவற்றுறை அச்சகமொன்றில், கோயில் திருவிழாச் சிறப்பு மலருக்காகக் கணினியில் ஊர்ப்படம் வரைந்துகொண்டிருந்தாள் கஜாலினி. ஊர் எல்லை இரண்டு வளைகோடுகளாக வந்திருந்தது. அவற்றின் முனைகளை இணைப்பதுதான் மிச்சம்.

“கிணத்துக்கு அங்கால இருக்கிற ஏழு வீட்டையும் வெளியில விட்டிட்டு மூடும், பிள்ளை. அவை எங்கட ஆக்களில்லை,” என்றார் மலர்க்குழுத் தலைவர் அரியநாயகம்.

மூடினாள். மறுநாள் காலை, கோடு கிணற்றடியில் திறந்து கிடந்தது. திரும்ப மூடினாள், திரும்பவும் திறந்தது. மூன்றாம் நாள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“இனி நான் மூடமாட்டன், ஐயா.”

நாலாம் நாள் அரியநாயகமே கதிரையை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்தார். கோடு ஏழு வீடுகளையும் உள்ளே எடுத்துச் சுற்றிப் போய், மயிரிழை இடைவெளியும் இல்லாமல் இணைந்திருந்தது. அவருடைய வீடு மட்டும் வெளியே நின்றது.

“திறவும் இதை!” என்று கத்தினார்.

“நான் மூடேல்லையே, ஐயா,” என்றாள் கஜாலினி.