ஆல்வினின் பச்சை விளக்கு

எங்கள் குடியிருப்பில் குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு இருக்கிறது. குழந்தை சிறுநீர் கழித்தால் கழிப்பறையே அளந்துகொள்ளும். வாசலில் பச்சை எரியும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் கலப்பட இருமல் மருந்துக்குப் பயந்து வைத்த ஏற்பாடு.

எங்கள் வாசலில் இரண்டு மாதமாகப் பச்சை எரியவில்லை. மகள் நிறைமதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ்.

எதிர்வீட்டு ஜெசிந்தாவின் மகன் ஆல்வினுக்கும் அதே பாட்டில் மருந்துதான். நான்தான் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். அவன் அடம்பிடித்து, அம்மாவின் சேலையிலேயே துப்பிவிட்டான். என் மகள் சமர்த்து. மடக்கென்று குடித்துவிட்டு மூடியையும் நக்கித் தந்தாள். அப்படிப் பழக்கியவள் நான்.

அவன் விளக்கு தினமும் ஆறேழு முறை எரியும். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும்.

நேற்று காலையிலிருந்து அது எரியவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் குப்பை கொட்டக் கீழே போனேன். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், மதில் ஓரமாக ஆல்வினை நிறுத்தி வைத்திருந்தாள் ஜெசிந்தா.

"சீக்கிரம் ஒண்ணுக்குப் போடா. இனிமே இங்கதான். நம்ம லைட்டு எரிஞ்சா மதி அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்ல?"

அவன் மதில்மேல் வட்டம் வட்டமாக அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். நிற்கவே இல்லை.

ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாம். ஒளித்து வைக்கிற அளவுக்கு அவளிடம் இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது.