பட்டியலின் கடைசி வரி

எந்தக் கம்பெனி சர்வரானாலும் சூடு, மின்விசிறி வேகம், மின்சாரம் எல்லாம் பொது விதிப்படி ஒரே மாதிரி பட்டியலாகத் திரையில் காட்டும். அதன்கீழே கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குச் சேர்த்த வரிகளை யாரும் திறப்பதில்லை. சர்வர் அறையைக் கவனிக்கும் ஹெப்சிபா அன்று மதியம் திறந்துவிட்டாள். கடைசி வரியில் ‘மூச்சு: நிமிடத்துக்கு 18’ என்றிருந்தது. சர்வர் செய்த கம்பெனிக்கு போன் போட்டாள்.

“அதெல்லாம் பார்க்காம விட்டுடணும் மேடம், அதான் முறை” என்றான் ஒருவன்.

“யாரோட மூச்சு அது?”

“திறந்து எவ்வளவு நேரமாச்சு?” என்று அவன் திருப்பிக் கேட்டான்.

போனை வைத்தாள். அறையைப் பூட்டிவிட்டுத் தன் மேஜைக்கு வந்து, அங்கிருந்த கணினியில் அதே வரியைப் பார்த்தாள். பதினெட்டுதான். சும்மா ஒரு சோதனைக்குத் தன் மூச்சைப் பிடித்தாள். எண் ஒன்பதானது, பிறகு பூஜ்யம். பதறிப்போய் மூச்சை விட்டாள், இழுத்தாள், மறுபடி விட்டாள்.

பூஜ்யம் மாறவே இல்லை.